குளிர் என்று ஒன்று இல்லை

புத்தகத்துக்கு விமரிசனம் எழுதுகிறோம். சினிமாவுக்கு எழுதுகிறோம். மிளகாய்ப் பொடிக்குக்கூட இப்போது ஸ்டார் போடுகிறார்கள். ஃப்ரிட்ஜ் கேட்லாகுக்கு மட்டும் யாரும் விமரிசனம் எழுதுவதில்லை. இத்தனைக்கும் நம் வீட்டுக்கு இலவசமாக வருகிற புனைகதைகளில் கற்பனை வளம் மிகுந்தது அதுதான்.

கோவையில் எனக்கு ஒரு நண்பர். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு பழைய டிராவலர் வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அலமாரி, தண்ணீர்த் தொட்டி என்று சின்ன வீடாகவே மாற்றிவிட்டார். (அதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒப்புக்கொள்ள வைத்தது தனிக் கதை. இன்னொரு வாரம்.) நம் ஊரில் கேரவன் என்றால் ஷாட்டுக்கு ஷாட் ஹீரோ போய் உட்காரும் வண்டி என்றுதான் நினைப்போம். 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்த பிறகு, சாதாரண மனிதர்களுக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டிருக்கிறது. நண்பருக்கு லடாக் வரை போய்வர ஆசை.

"ஃப்ரிட்ஜ் மட்டும்தான் பாக்கிங்க சார். எது கரண்ட்டைக் கம்மியாக் குடிக்கும்னு பார்த்துச் சொல்லுங்க" என்று மூன்று கேட்லாகுகளை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்.

நானும் சுற்றுலாதானே, மோர் குளிர்ச்சியாக இருந்தால் சரி என்று அலட்சியமாகத்தான் திறந்தேன். அன்று ராத்திரி அவர் மனைவி போன் பண்ணினார். "அவருக்கு இன்சுலின் இருக்குதுங்க. அது கெடாம இருந்தாப் போதும். ஐஸ்க்ரீம் எல்லாம் யாரு கேட்டா?"

விஷயமே மாறிவிட்டது. திறக்காத இன்சுலினை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். உபயோகிக்க ஆரம்பித்ததை, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்கு மேல் போகாமல் சுமார் நாலு வாரம் வெளியே வைத்துக்கொள்ளலாம். (உங்கள் மருந்துடன் வரும் துண்டுச் சீட்டில் சரியான கணக்கு இருக்கும், படியுங்கள்.) சூட்டில் கிடந்தால் வீரியம் குறையும். அதைவிட முக்கியம், உறைந்து போனால் தூக்கிப் போட வேண்டியதுதான். கரைந்த பிறகு பார்க்க நல்ல மருந்து மாதிரியே இருக்கலாம். வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

ஆகவே இது மோர் விஷயம் இல்லை. கேட்லாகுகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன்.

*

முதல் கேட்லாக் சிறுகதை. விலை குறைவு, எடை குறைவு, சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் ஓடும். அதன் உச்சகட்ட வாக்கியம்: 'வெளி வெப்பத்தைவிட 20 டிகிரி வரை குறைக்கும்.'

வாக்கியம் பொய் இல்லை. 20 டிகிரி என்றதும் நம் மனசு 'அடேயப்பா' என்று விரிகிறது பாருங்கள், சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. கழித்துப் பாருங்கள். மே மாதம், மத்தியானம், நிறுத்திவைத்த வேனுக்குள் 42 டிகிரி. 20 போனால் 22. பால் திரியும். இன்சுலின் நிச்சயம் ஃப்ரிட்ஜில் இல்லை.

இது பெல்டியர் வகை. 1834-ல் ஜான் பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர், கடிகாரம் செய்து பிழைத்தவர், இரண்டு வேறு வேறு உலோகங்களின் இணைப்பில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாவதைக் கண்டார். அழகான விஷயம். கம்ப்ரஸர் இல்லை, வாயு இல்லை, சுற்றுவது ஒரு சின்ன ஃபேன் மட்டும். ஆனால் செய்கிற வேலைக்குக் கேட்கிற கூலி அதிகம். பெரும்பாலான மாடல்கள் போதுமான குளிர் வந்தாச்சு என்று நிற்பதும் இல்லை. 50 வாட் என்றால் நாள் முழுக்க 50 வாட். ஒரு நாளைக்கு 1,200 வாட்-ஹவர். வேனின் கூடுதல் பேட்டரியை ராத்திரியோடு காலி பண்ணிவிடும். ஒரு மணி நேரப் பயணத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக இதை வாங்கலாம். மருந்துக்கு வேண்டாம்.

நண்பர் என்னைக் கேட்பதற்கு முன்பே இதில் ஒன்றை வாங்கி அலமாரியில் ஒளித்து வைத்திருந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது. தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்தாராம். 19 டிகிரி. வீட்டுக்காரம்மாவுக்குச் சொல்லவில்லை.

*

இரண்டாவது கேட்லாக் சரித்திர நாவல். 'வீட்டு கரண்ட், பேட்டரி, கேஸ் மூன்றிலும் ஓடும். சத்தமே இல்லை.' ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல தலைமுறையாகக் கேரவன்களில் இருந்துவரும் வகை. நெருப்பைக் கொளுத்திக் குளிர் வாங்குவது என்பது கேட்கவே மாயாஜாலம். அம்மோனியா கலந்த தண்ணீரைச் சூடுபடுத்தினால் அம்மோனியா ஆவியாகப் பிரியும். அதைத் திரவமாக்கி, மறுபடி ஆவியாக விட்டால் சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகும். பிறகு தண்ணீரிலேயே கரைந்துவிடும். 1922-ல் ஸ்டாக்ஹோமில் வான் பிளாட்டன், மண்டர்ஸ் என்று இரண்டு இன்ஜினீயரிங் மாணவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். எலெக்ட்ரோலக்ஸ் வாங்கி 1925-ல் விற்க ஆரம்பித்தது.

இந்த நாவலில் ஐன்ஸ்டைனும் வருகிறார். அந்தக் காலத்து ஃப்ரிட்ஜுகளில் விஷ வாயு. பெர்லினில் ஒரு குடும்பமே அது கசிந்து தூக்கத்தில் இறந்த செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, லியோ ஸிலார்டுடன் சேர்ந்து ஆடும் பாகங்களே இல்லாத ஃப்ரிட்ஜ் ஒன்றை வடிவமைத்தார். 1930-ல் அமெரிக்க பேட்டன்ட் கிடைத்தது. கடைக்கு வரவில்லை. ஃப்ரிட்ஜ் வாங்குவது உயிர்ப் பிரச்னையாக இருக்கலாம் என்று ஐன்ஸ்டைனுக்கே தோன்றியிருக்கிறது.

சரித்திரம் சரி. நம்ம ஊர் வேனுக்கு? அம்மோனியா தானாக வழிந்து ஓடுவது புவியீர்ப்பில். வண்டியைச் சரிவில் நிறுத்தினால் ஓட்டம் தடைப்படும். ஊட்டியில் ரசமட்டம் வைத்துப் பார்க்கிங் தேடுங்கள். லடாக்கில் காற்று மெலிந்த உயரத்தில் பர்னர் தடுமாறும். 'பேட்டரியிலும் ஓடும்' என்கிற வரியைத்தான் நான் சிவப்பு மையால் வட்டமிட்டேன். ஓடும். 120 வாட் ஹீட்டரை நாள் முழுக்க ஓட்டினால் 2,880 வாட்-ஹவர். 12 வோல்ட்டில் 240 ஆம்பியர்-ஹவர். இன்ஜின் ஓடும்போது சரி. நிறுத்திவிட்டுத் தூங்கினால் காலையில் பேட்டரி எழுந்திருக்காது.

மிச்சம் கேஸ். அங்கே கேரவனில் கேஸுக்குத் தனி அறை, தனிக் குழாய், வெளியே போகப் புகைவழி, வருஷா வருஷம் பரிசோதனை. இங்கே தெரிந்த வெல்டர் ஒருவர், ஒரு ரப்பர் குழாய். 2023 ஆகஸ்டில் மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். மிச்சமாகும் கரண்ட் எவ்வளவானாலும், தூங்குகிற இடத்தில் ராத்திரி முழுக்க எரியும் நெருப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அடுத்த கேட்லாக்.

*

மூன்றாவது நவீன இலக்கியம். பன்னிரண்டு வோல்ட்டில் நேரடியாக ஓடும் கம்ப்ரஸர். வீட்டு ஃப்ரிட்ஜில் இருப்பதன் தம்பி. 45 வாட். வேண்டும்போது ஓடி, குளிர்ந்ததும் நிற்கும். கொஞ்சம் சரிந்தாலும் கவலை இல்லை. வெளியே 42 என்றாலும் உள்ளே 4 டிகிரி கொண்டுவரும். விலைதான், வீட்டில் இருக்கும் சின்ன சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

'இதுதாங்க சார் எஃபிஷியன்ட்?' என்றார் நண்பர். ஆமாம் என்று சொல்லி போனை வைத்திருக்கலாம். வைக்கவிடாமல் ஒரு விஷயம் உறுத்தியது. அதே கம்ப்ரஸர், அதே 45 வாட், இரண்டு மாடல்கள். ஒன்று 40 லிட்டர், இன்னொன்று 60. வெளி அளவு ஏறக்குறைய ஒன்றே! அந்த 20 லிட்டர் எங்கிருந்து வந்தது?

சுவரில் இருந்து வந்தது. சுவரைச் சுரண்டி லிட்டர் ஆக்கியிருக்கிறார்கள்.

இங்கேதான் கேட்லாகுகள் அத்தனையும் சேர்ந்து மறைக்கும் ரகசியம் இருக்கிறது. உலகத்தில் குளிர் என்று ஒரு பொருள் இல்லை. இருப்பது சூடு ஒன்றுதான். ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்கி உள்ளே ஊற்றுவதில்லை. உள்ளே வந்துவிட்ட சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீரை இறைக்கிறவன் மாதிரி. நல்ல படகு எது, சொல்லுங்கள்? இறைப்பவன் பலசாலியாக இருக்கிற படகா, ஓட்டை சின்னதாக இருக்கிற படகா?

கேட்லாக் முழுக்க இறைப்பவனின் புஜபலம். ஓட்டையைப் பற்றி மூச்சில்லை.

கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், எட்டாம் கிளாஸ் கணக்குதான். 60 லிட்டர் பெட்டிக்கு ஆறு பக்கமும் சேர்த்து ஒரு சதுர மீட்டர் சுவர் என்று வையுங்கள். வெளியே 35, உள்ளே 5. வித்தியாசம் 30 டிகிரி. ஃபோம் சுவர் 3 சென்டிமீட்டர் என்றால் சுமார் 25 வாட் சூடு சதா உள்ளே கசியும். ஒரு நாளைக்கு 600 வாட்-ஹவர். சின்ன கம்ப்ரஸர் ஒரு வாட் சாப்பிட்டு ஒன்றரை வாட் சூட்டை வெளியேற்றும் என்றால், 400 வாட்-ஹவர் கரண்ட் வேண்டும். பேட்டரிக் கணக்கில் 33 ஆம்பியர்-ஹவர்.

சுவரை 6 சென்டிமீட்டர் ஆக்குங்கள். கசிவு பாதி. கரண்ட்டும் பாதி. 17 ஆம்பியர்-ஹவர். கம்ப்ரஸரைத் தொடவே இல்லை.

நூறு ஆம்பியர்-ஹவர் சாதாரண பேட்டரியில் ஆயுசு கெடாமல் பாதிதான் எடுக்கலாம். மெல்லிய சுவர் பெட்டி அதில் ஒன்றரை நாள் தாங்கும். தடித்த சுவர் பெட்டி மூன்று நாள். மழையில் மாட்டி, சோலார் பேனலும் வேலை செய்யாமல், சாலை மூடிக் கிடக்கும்போது இந்த ஒன்றரை நாள் வித்தியாசம் கேட்லாகில் எந்த ஸ்டாருக்கும் சமம் இல்லை.

இன்னொன்று. கேட்லாகில் மின்செலவு போட்டிருக்கும் இடத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். '25 டிகிரி சூழலில்' என்று இருக்கும். பாவம், டிசம்பர் ஊட்டியைத் தவிர வேறு எங்கும் போகாதவர் எழுதியது. 25-ல் வித்தியாசம் 20 டிகிரி. 40-ல் 35. கசிவு முக்கால் பங்கு கூடிவிடும், சூடான காற்றில் கம்ப்ரஸரும் திணறும். ஆக, போட்டிருப்பதை இரண்டால் பெருக்கிக்கொள்வது நல்லது.

*

'வீட்டு ஃப்ரிட்ஜையே இன்வெர்ட்டர் போட்டு ஓட்டினால் என்ன? அஞ்சு ஸ்டார் இருக்கே?' என்று நீங்கள் கேட்பீர்கள். நண்பரும் கேட்டார். விலை மலிவு, சுவரும் மோசமில்லை. நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஸ்டார் வீட்டில் அசையாமல் நிற்கும் பெட்டிக்கு, பிளக் பாயின்ட்டில் வரும் கரண்ட்டுக்கு. வேனில் நடுவே இன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கும். ஃப்ரிட்ஜ் தூங்கினாலும் அது தூங்காது. சும்மா விழித்திருக்கவே 10 வாட் எடுத்தால் நாளைக்கு 240 வாட்-ஹவர். தடித்த சுவர் பெட்டியின் முழுச் சாப்பாட்டைவிட அதிகம்!

மேல்பக்கம் திறக்கும் பெட்டிதான் சிக்கனம், முன்கதவு திறந்தால் குளிரெல்லாம் கொட்டிப்போகும் என்று ஒரு வேதவாக்கு உண்டு. குளிர்ந்த காற்று கனம், கீழே இறங்கும், உண்மைதான். ஆனால் எவ்வளவு போகிறது? 60 லிட்டர் காற்றின் எடை 70 கிராம்தான். அது முழுக்கப் போய், ஈரமான வெளிக்காற்று வந்து நிரம்பினாலும் திரும்பக் குளிர்விக்க ஒன்றரை வாட்-ஹவர் சூட்டைத்தான் அள்ள வேண்டும். வெயிலில் கிடந்த இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை உள்ளே வைத்தால் 70 வாட்-ஹவர். கிட்டத்தட்ட ஐம்பது தடவை கதவைத் திறந்ததற்குச் சமம். மனைவி கதவைத் திறந்து வைத்திருக்கிறாள் என்று சண்டை போடும் கணவன்மார்கள், தாங்கள் வைத்த பாட்டிலைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கவும்.

அதனால் வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எந்த ஃப்ரிட்ஜ்' என்பது அல்ல. 'எதையெல்லாம் உள்ளே வைக்கப் போகிறோம்' என்பது. முட்டை? கடையில் வெளியேதானே அடுக்கியிருக்கிறது. தக்காளி, ஊறுகாய், வெங்காயம், புளிக்காய்ச்சல் இவை ஒன்றும் குளிர் கேட்கவில்லை. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு காசிக்குப் போன ஜனங்கள் நாம். இதையெல்லாம் கழித்த பிறகு நண்பருக்கு மிஞ்சியது: மருந்து, பால், தயிர், கொஞ்சம் காய். 35 லிட்டர் தாராளம்.

*

மூன்றாவது கேட்லாகில் இருந்து தடித்த சுவர்ப் பெட்டியை, சின்ன ஃப்ரீஸர் அறை உள்ளதாகப் பார்த்து வாங்கினார். அதோடு முடியவில்லை. பத்து நாளில் போன். 'நிக்காம ஓடிக்கிட்டே இருக்குதுங்க சார்.'

போய்ப் பார்த்தேன். கார்ப்பெண்டர் பிளைவுட்டில் அருமையாகக் கூண்டு கட்டி, பெட்டியைக் கச்சிதமாக மூடியிருந்தார். கம்ப்ரஸர் வெளியே கொட்டும் சூடு போக வழியில்லை. தான் இறைத்த தண்ணீர் தன் படகிலேயே விழுகிறது. கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு ஜன்னல் வெட்டினோம். பேட்டரியில் இருந்து வந்த வயர் மெல்லியது. நீளமான மெல்லிய வயரில் அரை வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் தானாக நின்றுவிடும். நடுராத்திரியில், மருந்து உள்ளே இருக்கும்போது! ஆறு ஸ்கொயர் எம்.எம். வயராக மாற்றினோம். மொத்தச் செலவு, ஒரு ஓட்டல் சாப்பாட்டில் இரண்டு பேர் சாப்பிடுகிற காசு. எந்தக் கேட்லாகிலும் இந்த இரண்டும் இல்லை.

கடைசியாக ஒரு யோசனை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கற்றது. அங்கே தடுப்பூசி வைக்கும் பெட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? ஐ.எல்.ஆர். என்பார்கள். சுவரை ஒட்டி உள்ளே ஐஸ். கரண்ட் இருக்கும்போது உறையவைத்துக்கொள்ளும், போனபிறகு அந்த ஐஸே காவல். ஒரு கிலோ ஐஸ் கரைய 93 வாட்-ஹவர் சூட்டை விழுங்கும். தடித்த சுவர் என்றால் பத்து மணி நேர ராத்திரிக்கு ஒன்றரைக் கிலோ ஐஸ் போதும். பகலில் வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் தரும் கரண்ட்டில் ஃப்ரீஸரில் இரண்டு பாட்டில் தண்ணீரை உறையவையுங்கள். ராத்திரி கீழே இறக்கிவையுங்கள். பேட்டரிக்கு ஓய்வு. மருந்து மட்டும் ஐஸைத் தொடாமல் துணியில் சுற்றி, ஒரு டப்பாவில். பக்கத்தில் நூறு ரூபாய் தெர்மாமீட்டர் ஒன்று. பேனலில் மினுக்கும் நம்பரைவிட அதை நம்புங்கள். பேனல் சொல்வது ஓரிடத்துச் சூடு, மருந்து இருப்பது இன்னோர் இடம்.

அக்டோபரில் லேயிலிருந்து போன் வந்தது. விடிகாலை. இரண்டு பேரும் ஸ்பீக்கரில்.

"சார், ராத்திரி ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணி வெச்சுட்டேங்க. வெளியே மைனஸ் நாலு. பெட்டிக்குள்ள ஆறு டிகிரி நிக்குது!"

யோசித்துப் பாருங்கள். அங்கே பிரச்னை சூடு இல்லை, உறைந்துவிடாமல் இருப்பது. கம்ப்ரஸருக்கு அன்றைக்கு லீவு. உள்ளே இருந்த சூட்டை வெளியே போகவிடாமல் காத்தது, கேட்லாகில் ஒரு வரிகூட இல்லாத அந்த ஆறு சென்டிமீட்டர் சுவர்.

"மோர் மட்டும் வெளியே வெச்சிருந்தேனுங்க, கட்டியாயிருச்சு" என்றார் அந்த அம்மாள். "மருந்து நல்லா இருக்குதுங்க."